இழுத்தால் வழியில்லை

நாயை எனக்குப் பிடிக்கும். நாய் வளர்ப்பவர்களைப் பிடிக்காது. இரண்டும் வேறு வேறு என்பதைக் கிழக்குத் தாம்பரத்துக் காலனி ஒன்றில், அறுபதுகளின் கடைசியில் தெரிந்துகொண்டேன். அந்தக் காலனியில் என் வீடு இருந்தது, என் அப்பா இருந்தார். யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. மரியாதைக்காக என்று நினைத்துவிட வேண்டாம். சொன்னால் வாய் கசக்கிறது, அவ்வளவுதான்.

காலனியில் எல்லாரும் மாதச் சம்பளக்காரர்கள். வாத்தியார்கள், ரயில்வே குமாஸ்தாக்கள், கோட்டையில் வேலை பார்ப்பவர்கள். கிறிஸ்தவர்கள் பாதி, இந்துக்கள் பாதி. வீட்டுக்கு வீடு குரோட்டன்ஸ் செடி, கேட்டில் பெயரும் அதற்குப் பின்னால் படிப்பும் எழுதிய பலகை. எங்கள் வீட்டுக் காம்பவுண்டை ஒட்டி ஓர் ஒற்றையடிப் பாதை போகும். செம்பாக்கம் ஏரிப் பக்கத்துக் குடிசைகளிலிருந்து வருபவர்கள் அந்தப் பாதையில் வந்துதான் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போவார்கள். காலனி வருவதற்கு முன்பே இருந்த பாதை. அதைக் கண்டாலே காலனிக்கு ஆகாது.

அந்தப் பாதையில் தினமும் வருபவர்களில் ஒருத்தி கீரைக்காரி. விடிவதற்கு முன்னால் ஏரிக்கரையில் கீரை பறித்துக் கூடையில் கட்டி, முதல் எலெக்ட்ரிக் வண்டியைப் பிடித்து மாம்பலத்துக்குப் போய்விடுவாள். பாதையை விட்டு மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனால் முதல் வண்டி போய்விடும். அடுத்த வண்டியில் போனால் மார்க்கெட்டில் மற்றவர்கள் விற்று முடித்திருப்பார்கள், இவளுடைய கீரை வாடிக் கிடக்கும். அவள் பிழைப்பு அந்தப் பாதையில்தான் இருந்தது. போகிற போக்கில் எங்கள் கேட்டிலும் இரண்டு கட்டு வைத்துவிட்டுப் போவாள். கீரை வேண்டும், கீரைக்காரி வரும் வழி மட்டும் வேண்டாம். எங்கள் காலனியின் யோக்கியதை இதுதான்.

அப்பா காலனிச் சங்கத்துக்குச் செயலாளர். சுவர் வைத்துப் பாதையை அடைக்கத்தான் முதலில் பார்த்தார்கள். பஞ்சாயத்து வரைபடத்தில் பாதை இருந்ததால் முடியவில்லை. அப்போதுதான் பக்கத்து வீட்டு மிலிட்டரிக்காரர் ஒரு யோசனை சொன்னார். மிலிட்டரிக்காரர் என்றால் சண்டை போட்டவர் இல்லை. ஸ்டோரில் கம்பளி எண்ணிக்கொண்டிருந்து ரிட்டயர் ஆனவர். மீசையை மட்டும் போர்முனையிலிருந்து கொண்டு வந்தவர் போல வைத்திருந்தார்.

"சுவர் எதுக்கு சார்? நாய் வைங்க. வீட்டுக்கு ஒண்ணு. காலையிலயும் சாயங்காலமும் வார் போட்டுப் பிடிச்சிக்கிட்டுப் பாதையில வாக்கிங் போவோம். நம்ம ரோடு, நம்ம நாய். எவன் கேப்பான்? அந்த ஜனத்தைக் கண்டாக் குலைக்கணும், நம்மளக் கண்டா வாலாட்டணும். அப்படி ட்ரெயின் பண்ணித் தர்றது என் பொறுப்பு."

முதல் நாய் செயலாளர் வீட்டில் என்று முடிவாயிற்று. அது சரியாக வந்தால் மற்ற வீடுகளும் வாங்கும். வரிசையாக நாய்கள் நின்றால் கூடையைத் தூக்கிக்கொண்டு யார் வரப்போகிறார்கள்?

அல்சேஷன் கலப்பில் ஒரு குட்டி வந்தது. காதில் ஒன்று நின்றது, ஒன்று மடங்கிக் கிடந்தது. நான் அப்போது பி.யு.சி. முடித்துவிட்டு டீச்சர் ட்ரெயினிங்குக்கு இடம் கிடைக்கக் காத்திருந்தேன். வீட்டில் சும்மா இருக்கும் பெண் என்றால் எதை வேண்டுமானாலும் தலையில் கட்டலாம். குட்டிக்கு மாட்டிறைச்சி வேகவைப்பது, அந்த வாடையோடு சட்டியைத் தேய்ப்பது, காதுக்குள்ளிருந்து உண்ணி பிடுங்கி மண்ணெண்ணெயில் போடுவது எல்லாம் என் வேலை. உண்ணி இரத்தம் குடித்து உப்பிப்போய் விரலில் நசுங்கும். சோற்றைப் பிசையும்போது அது ஞாபகம் வந்து எத்தனையோ நாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறேன்.

வாரில் நடக்கப் பழக்கும் வேலையை மிலிட்டரிக்காரர் முதலில் தானே எடுத்துக்கொண்டார். சுருக்குப் போல இறுகும் ஒரு சங்கிலியைக் கழுத்தில் மாட்டி, நாய் முன்னால் போனால் வெடுக்கென்று சுண்டுவார். குட்டி குரல்வளை நெரிந்து கக்கும். கக்கலும் கோழையுமாக அது நிற்க, காலை ஒட்டி வரச் சொல்லி "ஹீல்! ஹீல்!" என்று அவர் கத்துவார். இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள், "அங்கிள், நானே பார்த்துக்கறேன்" என்று சங்கிலியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அப்பா மவுண்ட் ரோட்டில் வாங்கி வந்த தோல் வார் ஒன்று ஆணியில் தொங்கியது. அதை மாட்டினேன்.

எனக்கு மட்டும் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. நாய் இழுக்கும், பின்னால் நான் ஓடுவேன். ஒரு நாள் விடியற்காலையில் பாதையில் அது இழுத்த இழுப்பில் என் செருப்பு அறுந்தது. எனக்கு வந்த கோபத்தில், இனி ஒரு அடி வைக்கமாட்டேன் போ என்று அங்கேயே நின்றுவிட்டேன். அது இழுத்தது. நான் நகரவில்லை. பின்னங்காலில் எழுந்து நின்று பார்த்தது. நகரவில்லை. கடைசியில் திரும்பி என்னைப் பார்த்தது, வார் தளர்ந்தது. சரி என்று நடந்தேன். மறுபடி இழுத்தது, மறுபடி நின்றேன். வீட்டுக்குத் திரும்ப வெகு நேரம் ஆனது. ஆனால் விஷயம் பிடிபட்டுவிட்டது. இழுத்தால் வழியில்லை, தளர்த்தினால் வழி உண்டு. இதைத் தவிர நான் அதற்கு வேறு எதுவும் சொல்லித் தரவில்லை. வாரம் போகப் போக அது என் இடது காலை ஒட்டி, வார் தொய்ந்து தொங்க, ஏதோ பேசிக்கொண்டு வருவது போலக் கூடவே நடக்க ஆரம்பித்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

நான் நின்று நின்று நடப்பதைத் தினமும் பார்த்தவள் கீரைக்காரி. முதல் நாள் கூடையோடு நின்று சிரித்தாள்.

"இன்னா பாப்பா, செலை மாரி நிக்கிறே? நாயி உன்னே இட்டுகினு போவுதா, நீ நாயே இட்டுகினு போறியா?"

"இழுக்காம வரப் பழக்கறேன் அக்கா."

"பழக்கு பழக்கு. எங்க வூட்டாண்ட ஒரு மனுசன் கீறான், அவனையும் கொஞ்சம் பழக்கிக் குடு."

மடியிலிருந்து ஒரு பொரையை எடுத்துப் பிட்டு நாய்க்குப் போடுவாள். ஸ்டேஷன் வாசலில் டீக்கு வைத்துக்கொண்டு தின்பதற்காகக் கொண்டு போவது அது. அவளைக் கண்டால் நாய் துள்ளும். துள்ளினால் நான் நின்றுவிடுவேன். அடங்கி, வார் தொய்ந்தால்தான் அவள் அருகே போக முடியும். ஆகவே அவளைப் பார்த்ததும் அடக்கமாக நடப்பது என்று அது தானாகவே ஏற்படுத்திக்கொண்டது. அந்த ஜனத்தைக் கண்டால் குலைக்க வேண்டிய நாய் இப்படித்தான் தயாராகிக்கொண்டிருந்தது. நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

நாய் நன்றாக நடக்கிறது என்று அப்பாவுக்குப் பெருமை. "இனி அடுத்த பாடம்" என்றார் மிலிட்டரிக்காரர்.

சாயங்காலம் எங்கள் வீட்டுப் பின்பக்கம், கிணற்றடியில் பிரம்பு நாற்காலிகள் போட்டார்கள். சங்கத்துப் பெரிய மனிதர்கள் டீயும் முறுக்குமாக உட்கார்ந்தார்கள். நாயை நான் பிடிக்கமாட்டேன் என்றதால் கொய்யா மரத்தில் கட்டினார்கள். ஏரிப் பக்கத்து ஆள் போல ஒருவன் வந்து நாயைச் சீண்ட வேண்டும், நாய் குலைத்ததும் பயந்து ஓட வேண்டும், அதுதான் பாடம். அதற்கு எந்த ஆளைக் கூப்பிடுவது? யாரும் வரமாட்டார்கள். "நானே வேஷம் கட்டறேன்" என்றார் மிலிட்டரிக்காரர். அப்பா உள்ளே போய்த் தன் பழைய கட்டம் போட்ட லுங்கியைக் கொண்டு வந்து கொடுத்தார். அதைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டி, சட்டையைக் கழற்றி, மார்பிலும் காலிலும் சேறு பூசி, தலையில் துண்டைச் சுற்றி, கையில் ஒரு கூடையும் மூங்கில் குச்சியுமாக அவர் வந்தார். காலை அகட்டி அகட்டி வைத்து, மூக்கைச் சிந்தி எங்கள் கிணற்றுத் துணிக்கல்லில் துடைத்தார்.

"இன்னா நைனா, வூட்ல யாரும் இல்லியா? செம்பு கிம்பு எதுனா கீதா, தூக்கிகினு போறேன்" என்றார்.

நாற்காலிகளில் ஒரே சிரிப்பு. பல் கட்டியிருந்த ஒருவர் பல் விழுந்துவிடாமல் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் அப்பா நாற்காலிக் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது. காலையில் குடும்ப ஜெபத்தில் எங்களை முழங்காலில் நிறுத்தி, எல்லா மனுஷரும் உம்முடைய பிள்ளைகள் என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர்தான். அந்தச் சிரிப்பைப் போல அசிங்கமான ஒன்றை நான் பார்த்ததில்லை. உண்ணி எவ்வளவோ மேல்.

"வாட்ச்!" என்று அப்பா கத்துவார். மிலிட்டரிக்காரர் குச்சியால் நாயின் விலாவில் குத்துவார். அது உறுமிப் பாய்ந்தால் பயந்தது போல ஓட வேண்டும். ஆனால் அவருக்கு ஓடுவதைவிடக் குத்துவது பிடித்துப்போய்விட்டது. தினமும் சாயங்காலம் இதே கூத்து. நாயின் விலாவில் முடி போய்ப் புண் கண்டது. மஞ்சள் அரைத்துப் போட்டேன்.

இத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் ஒன்று தோன்றவில்லை. அப்பாவே வீட்டில் லுங்கிதான் கட்டுவார். அந்த லுங்கியோடு அவர் பக்கத்தில் போனால் நாய் காலை நக்கும். நாய்க்கு லுங்கியா கணக்கு? ஆளைத் துணியை வைத்து எடை போடுவது நம் வழக்கம். நாய்க்கு மூக்கு இருக்கிறது.

கூத்து முடிந்து லுங்கி திரும்பி வந்ததும் அம்மா அதைக் குச்சியால் தூக்கிக்கொண்டு போய்த் தனி வாளியில் டெட்டால் ஊற்றி ஊறவைத்தாள். "என்னம்மா, அப்பா லுங்கிதானே? கட்டினதும் பக்கத்து வீட்டு அங்கிள்தானே?" என்றேன்.

"இருந்தாலும், அந்த ஜனம் மாதிரி வேஷம் போட்ட துணி" என்றாள் அம்மா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சொன்னாள். ஊருக்கே நல்லவள் என் அம்மா. அவள் வாயிலிருந்து அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரங்கேற்றம் வைத்தார்கள். பாதையை ஒட்டிய காலி மனையில் சங்கத்தின் டீ பார்ட்டி. வண்டியிலிருந்து இறங்கி ஏரிப் பக்கத்து ஜனம் வீடு திரும்பும் நேரமாகப் பார்த்து வைத்திருந்தார்கள். மற்ற வீட்டுக்காரர்கள் தங்களுக்கும் ஒரு குட்டிக்குச் சொல்லிவைப்பதா என்று அன்றைக்குப் பார்த்து முடிவு செய்வதாக இருந்தார்கள். மிலிட்டரிக்காரர் வெள்ளை பேண்ட், பாலிஷ் போட்ட ஷூ, மீசைக்கு வாசனை எண்ணெய் என்று மாப்பிள்ளை போல நின்றார்.

நான் நாயோடு மனையின் குறுக்கே நடந்தேன். வார் தொய்ந்து தொங்கியது. திரும்பினால் திரும்பியது, நின்றால் நின்றது. "பியூட்டிஃபுல்!" என்று யாரோ கை தட்டினார்கள். அந்தக் கைத்தட்டல் எனக்கு இனிக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

பாதையில் ஆட்கள் வந்தார்கள். லுங்கி கட்டியவர்கள் இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் காலிக் கூடையோடு கீரைக்காரி. அப்பா எழுந்து நின்று, "வாட்ச்!" என்று கத்தினார்.

நாயின் காது நிமிர்ந்தது. மடங்கியே கிடந்த காதுகூட நிமிர்ந்ததாக ஞாபகம். தலையைத் தூக்கிக் காற்றை மோந்தது. ஏரிக்காரர்கள் பக்கம் அது திரும்பவே இல்லை. வெள்ளை பேண்ட் நின்ற பக்கம் திரும்பியது. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அன்றுதான் வார் விறைத்தது. என் கையிலிருந்து நழுவிவிட்டது என்றுதான் அன்று எல்லாரிடமும் சொன்னேன். இன்றும் அதையேதான் சொல்கிறேன்.

மிலிட்டரிக்காரர் போட்ட சத்தம் ஸ்டேஷனுக்கே கேட்டிருக்கும். டீ மேஜை கவிழ்ந்தது. பேண்ட் முழங்காலுக்குக் கீழே கிழிந்து தொங்கியது, கெண்டைச் சதையில் பல் பட்டிருந்தது. யாருக்கும் நாயின் அருகே போகத் துணிவில்லை.

பாதையிலிருந்து கீரைக்காரி, "டேய், இன்னாடா பேஜார் பண்றே? வாடா இங்க" என்றாள்.

நாய் விட்டுவிட்டது. வாரை இழுத்துக்கொண்டே போய் அவளுடைய இடது காலருகே உட்கார்ந்து பொரைக்காக முகத்தைப் பார்த்தது. அந்த லுங்கிக்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். மனையில் யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் குட்டிக்குச் சொல்லவில்லை. மிலிட்டரிக்காரர் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். நாயை அவர் எவ்வளவு குத்தியிருக்கிறார் என்று நான் எடுத்துச் சொன்னபோது அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் கோபம் நாய் கடித்ததற்காகவே இல்லை.

"ஆள் தராதரம் தெரியாத நாய்" என்றார். "அவங்களுக்கு வாலாட்டுதுன்னா அவங்ககிட்டயே போய்த் தொலையட்டும்."

மறுநாள் காலை கேட்டில் கீரை வைக்க வந்தவளிடம் நாயைத் தள்ளிவிட்டார்கள். "ஐயே, இத்தாம் பெரிய நாயிக்கு நான் எங்க சார் சோறு போடறது?" என்று அவள் தயங்கினாள். ஆனால் நாய் தயங்கவில்லை. அவள் கிளம்பியதும் அதுவும் கிளம்பியது. அன்று முதல் ஒவ்வொரு விடியற்காலையும் அவளோடு எங்கள் வீட்டைத் தாண்டி ஸ்டேஷன் வரை போகும். வண்டி ஏற்றிவிட்டுத் தனியாக ஏரிக்குத் திரும்பும். கழுத்தில் பட்டைகூடக் கிடையாது. ஆனாலும் இடது காலை ஒட்டியே, நான் பழக்கியது போலவே நடந்தது. கேட்டருகே வரும்போது என்னைப் பார்த்து வாலை ஆட்டும். அதற்காகவே நான் அந்த நேரத்துக்கு எழுந்து வாசல் தெளிப்பேன்.

சங்கத்தாருக்கு அது பொறுக்குமா? பாதை முனையில் ஒரு பலகை வைத்தார்கள். நாயை வாரில் கட்டாமல் இவ்வழியே அழைத்து வரக்கூடாது என்று எழுதியிருந்தது. காலனியில் வேறு நாயே கிடையாது. இவளை வழியை விட்டுத் துரத்த வேறு வகை கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அவளுக்குப் படிக்கத் தெரியாததால் நான்தான் படித்துச் சொன்னேன். படிக்கும்போதே நாக்கில் அழுக்குப் பட்டது போல இருந்தது.

"அதுக்கு இன்னா பண்றது பாப்பா? தொரத்தினாலும் போவ மாட்டேங்குது. மெயின் ரோட்டால போனா வண்டி பூடும்."

உள்ளே போய் ஆணியில் தொங்கிய தோல் வாரையும் பட்டையையும் எடுத்து வந்து கொடுத்தேன். அதை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் கூடையைப் பிடித்து, மறு கையில் வாரோடு அவள் பலகையைத் தாண்டிப் போனாள். வார் தொய்ந்து தொங்கியது.

இரண்டு மூன்று நாள் அப்படிப் போனது. ஒரு நாள் காலை அப்பா சீக்கிரம் எழுந்து, வாயில் பல்பொடி நுரையோடு கேட்டருகே நின்றார். அவள் வந்தாள். அப்பாவின் கண் நாயின் மேல் போகவில்லை, அவள் கைக்குப் போனது.

"ஏய், நில்லு. அந்த வார் எங்க வீட்டுது" என்றார்.

"நான்தான் குடுத்தேன்" என்றேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

அவள் கூடையை இறக்கி வைத்தாள். குனிந்து பட்டையைக் கழற்றி, வாரைச் சுருட்டி அப்பா கையில் கொடுத்தாள். "இந்தா சார்" என்றாள். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். நாய் அவளுடைய இடது காலை ஒட்டி நடந்தது. பலகையைத் தாண்டி, வண்டிக்கு நேரமாகிவிட்டதால் இருவரும் கொஞ்சம் வேகமாகவே போனார்கள்.

அப்பா வெறும் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதே கட்டம் போட்ட லுங்கி, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். சட்டை இல்லை, செருப்பு இல்லை. நுரை மோவாயில் வழிந்தது.

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "அவ தொட்டதைக் கையில வச்சிக்கிட்டு நிக்காதீங்க. போய்க் கையைக் கழுவுங்க."

அப்பா கிணற்றடிக்குப் போய் வாரைக் கல்லில் போட்டுவிட்டு, சோப்பு போட்டு முழங்கை வரை கழுவினார். துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். ஸ்டேஷன் பக்கம் முதல் வண்டி புறப்படும் சத்தம் கேட்டது. பிறகு வேதப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஜெபத்துக்கு வரும்படி என்னைக் கூப்பிட்டார்.

நான் போகவில்லை.